துணி மேல் போட்ட பழி

மார்ச் 3, செவ்வாய்

காலை முழுவதும் ஒரே பிரிண்டருடன் மல்லுக்கட்டு. தாளை இழுக்கிறது, பாதியில் கடித்துக்கொண்டு நிற்கிறது. உருளையைத் துடைத்தேன், ஸ்பிரிங்கை மாற்றினேன், கெஞ்சினேன், திட்டினேன். கடைசியில் பார்த்தால் உள்ளே ஒரு குண்டூசி. எப்படிப் போனது என்று கேட்டால் அதைக் கொண்டுவந்த பள்ளிக்கூடத்து ஆயா சொல்கிறாள்: "நாங்க எதுவும் பண்ணலையே." இருபத்திரண்டு வருடமாக இந்தப் பதிலைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதனாலேயே எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. பெட்டியைப் பார்ப்பதற்கு முன்பே அதைக் கொண்டுவந்த ஆள் மேல் சந்தேகப்பட்டுவிடுவோம்.

கடையின் முன்பாதி ஜெராக்ஸ்காரருடையது, பின்பாதி என்னுடையது. "முன்னாடி நகல், பின்னாடி அசல்" என்று வருகிறவர்களிடம் சொல்லி அவரே சிரித்துக்கொள்வார். குண்டூசியைத் தன் அறிவிப்புப் பலகையில் குத்தி வைத்துக்கொண்டார்.

பதினோரு மணிக்கு அண்ணி போன் செய்தாள். "பொடிசு, பெட்டிக்குள்ள டப்புன்னு ஒரு சத்தம். புகை வருது. பிளக்கைப் பிடுங்கிட்டேன்." எனக்கு நாற்பத்தெட்டு வயது. அண்ணிக்கு நான் இன்னும் பொடிசுதான். கம்ப்யூட்டருக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கிற டப்பா, பவர் சப்ளை, அதுதான் போயிருக்கும் என்று கேட்டவுடன் தெரிந்துவிட்டது. பிரிண்டரிலிருந்து கண்ணை எடுக்காமலேயே கேட்டேன்: "மேல துணி கிடந்துச்சா?"

கொஞ்சம் யோசித்து, "கிடந்துச்சு" என்றாள்.

"அப்புறம் என்ன அண்ணி, மூடி வெச்சா அதுக்கு மூச்சு முட்டாதா?"

சொல்லிவிட்டு நான் சிரித்தேன். அந்தப் பக்கம் சிரிப்பு வரவில்லை. நாளை போய் எடுத்து வர வேண்டும்.

மார்ச் 4, புதன்

அண்ணன் வீட்டுக்குப் போய்ப் பெட்டியை எடுத்து வந்தேன். கூடத்து மூலையில், பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே இருக்கும் அது. மூன்றடி தள்ளி அண்ணனின் சாய்வு நாற்காலி. ஓய்வு பெற்றதிலிருந்து அதுதான் அவனுக்கு அலுவலகம். மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை அங்கேயே குறட்டையும் உண்டு.

துணியைக் காணோம். பழைய படுக்கை விரிப்பை வெட்டி, ஓரம் மடித்து அண்ணியே தைத்த துணி. அதைத் துவைத்து, மடித்து, பீரோவுக்குள் வைத்துவிட்டாளாம். "இனிமே அது எதுக்கு" என்றாள்.

"ஆயிரம் தடவ சொன்னேன், மூடாத மூடாதன்னு. கேட்டாளா?" என்றான் அண்ணன். அந்த ஆயிரத்தில் ஒன்றுகூட என் காதில் விழுந்ததில்லை. இருந்தாலும் தலையாட்டினேன். ரிப்பேர் பார்க்கிறவள் ஆட்டுகிற தலை என்பதால் அதற்கு ஒரு மதிப்பு. அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டான்.

அண்ணிக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. கூட்டங்கள், விசாரணைகள் என்று ஒலிப்பதிவுகளை ஓர் அலுவலகம் அனுப்பும்; வீட்டில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு எழுத்தாக்கி அனுப்புவாள். ஐம்பத்திரண்டு வயதில் ஒற்றை விரலால் தட்ட ஆரம்பித்தவள். இந்த ஐந்து வருடத்தில் அவள் அனுப்பிய எதுவும் திருத்தம் கேட்டுத் திரும்பி வந்ததில்லை. இப்போது எட்டுப் பேர் எழுதுவதைச் சரிபார்க்கிற பொறுப்பைத் தருகிறார்கள். அடுத்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து. இந்த மாதம் பதினெட்டாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். போன வாரமே இரண்டாவது ஸ்கிரீன் ஒன்றை மாட்ட முடியுமா என்று என்னிடம் கேட்டாள். அப்போது எதற்கென்று சொல்லவில்லை.

"இருக்கற ஒரு பெட்டியையே எரிச்சுட்டேன். எட்டுப் பேர் வேலைய நான் பாக்கறதாம்" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

மார்ச் 5, வியாழன்

நாள் முழுக்க வேறு வேலை. அண்ணியின் பெட்டியைத் தொடவில்லை.

மார்ச் 6, வெள்ளி

காலையில் திறந்தேன்.

பிளக்கைப் பிடுங்கி மூன்று நாள் ஆனாலும் பெரிய கபாசிட்டரை நம்பக் கூடாது. உள்ளே மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். சோதிக்க வைத்திருக்கும் பல்பின் இரண்டு ஒயர்களையும் அதன் கால்களில் வைத்துப் பார்த்தேன். பல்பு கண்கூடச் சிமிட்டவில்லை. பிறகுதான் கையை உள்ளே விட்டேன்.

மூடியைத் தூக்கியதும் கருகிய வார்னிஷ் வாடை. சின்ன கபாசிட்டர்களில் மூன்றுக்குத் தலை வீங்கியிருந்தது. ஒன்று வெடித்து, அதன் பழுப்புச் சாறு பலகையில் காய்ந்து கிடந்தது. சூட்டை வாங்குகிற அலுமினியத் தகட்டுக்கு அடியில் பலகை தீய்ந்துபோன ரொட்டி நிறம். ஈயம் வைத்த இடங்களில் முடி அளவு விரிசல்கள். இது அன்று ஒரே நாளில் எரிந்ததல்ல. மாதக்கணக்கில் வெந்திருக்கிறது.

அப்படியென்றால் காற்று போகவில்லை. ஃபேனை விரலால் சுற்றினேன். கொஞ்சம் இறுக்கம், ஆனால் சுற்றியது. அதன் சிவப்பு ஒயரைப் பிடித்துக்கொண்டே போனால் நடுவில் ஒரு கறுப்பு உறை. உறைக்கு மேல் வெள்ளை நூல், மூன்று சுற்று, ஒரு முடிச்சு.

எனக்குத் தெரிந்து நூல் கட்டுகிற மெக்கானிக் வேறு யாரும் இல்லை. எல்லோரும் பிளாஸ்டிக் பட்டைதான். நூல் கட்டுவது நான்.

ஞாபகம் வந்துவிட்டது. இரண்டு வருடம் இருக்கும். அண்ணன் சொன்னான்: "இந்த இரைச்சல்ல கண்ண மூட முடியல. சத்தத்தக் கொறச்சுக் குடு." நானும் பெரிய மேதாவியாக, ஃபேனுக்குப் போகிற ஒயரில் ஒரு ரெசிஸ்டரைச் சேர்த்தேன். மின்சாரம் குறையும், ஃபேன் மெதுவாகச் சுற்றும், சத்தம் அடங்கும். பத்து நிமிட வேலை. பெட்டியை மூடி அரை நாள் ஓடவிட்டுச் சூட்டைப் பார்த்திருக்க வேண்டும். நின்ற ஃபேன் அந்தக் குறைந்த மின்சாரத்தில் மறுபடி கிளம்புகிறதா என்று பார்த்திருக்க வேண்டும். புதிதாக இருக்கும்போது கிளம்பும். எண்ணெய் வற்றித் தூசி ஏறினால் கிளம்பாது. யார் கேட்டாலும் இதைச் சொல்வேன். அன்று காதை வைத்துக் கேட்டேன், சத்தம் போயிருந்தது, காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

மேஜையில் வைத்து அதே ரெசிஸ்டரோடு மின்சாரம் கொடுத்துப் பார்த்தேன். ஃபேன் ஒரு துடிப்பு துடித்து நின்றது. ரெசிஸ்டரை எடுத்துவிட்டுக் கொடுத்தேன். சுற்றியது. ஐந்து தடவை செய்து பார்த்தேன். ஐந்து தடவையும் அப்படியே.

துணியா? பெட்டியின் பின்பக்கத்தைப் பார்த்தாலே தெரிகிறது. துணி தொங்கிய இடம் வரை சுத்தம். அதற்குக் கீழே தூசி. கோடு போட்ட மாதிரி. காற்று வெளியே போகிற சல்லடையோ அந்தக் கோட்டுக்கு நான்கு விரல் கீழே இருக்கிறது. துணி அதைத் தொட்டதுகூட இல்லை.

என் கைதான். என் கைதான் பண்ணுச்சு. அண்ணி என்ன பண்ணா? தூசி விழக் கூடாதுன்னு ஒரு துணி போட்டா. அதுக்கு நான் போன்லயே, திறந்துகூடப் பாக்காம, தீர்ப்பு சொல்லிட்டேன்.

இன்றே சொல்லிவிட வேண்டும்.

மார்ச் 7, சனி

சொல்லவில்லை.

ஒரு சப்பைக்கட்டு கிடைத்தது: முதலில் சரி செய்துவிடுவோம். ஓடுகிற பெட்டியைக் கையில் கொடுத்துவிட்டு "தப்பு என்னுது அண்ணி" என்றால் அது ஒரு மாதிரி. எரிந்த பெட்டியை வைத்துக்கொண்டு சொன்னால் வேறு மாதிரி. இப்படி எனக்கு நானே விளக்கிக்கொண்டிருந்தபோது ஜெராக்ஸ்காரர் எட்டிப் பார்த்து, "உங்க அண்ணி பெட்டி என்ன ஆச்சு?" என்றார்.

"தூசிதான்" என்றேன். யோசிக்கவே இல்லை, தானாக வந்தது.

மார்ச் 8, ஞாயிறு

ஞாயிறு மதியச் சாப்பாடு எப்போதும் அண்ணன் வீட்டில்தான். இன்று கீழ்வீட்டுக்காரரும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள். அண்ணனுக்குப் பேச ஆள் கிடைத்தால் கேட்கவா வேண்டும்.

"எங்க வீட்டு அம்மா ரொம்ப இரக்கமுள்ளவங்க. கம்ப்யூட்டருக்குக் குளிரும்னு போர்வ போத்தி விட்டாங்க. அது அப்படியே வெந்துடுச்சு!"

கீழ்வீட்டுக்காரர் புரையேறுமளவுக்குச் சிரித்தார். அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணன் என் பக்கம் திரும்பி, "கேட்டுப் பாருங்க, இவதான் சொன்னா" என்றான். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். "ம்" என்று ஒரு சத்தம் என்னிடமிருந்து வந்தது. அண்ணியும் சிரித்தாள். பிறகு தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று உள்ளே போனாள். குழாய் ரொம்ப நேரம் திறந்தே இருந்தது.

எனக்குப் பன்னிரண்டு வயதில் வீட்டு ரேடியோவைக் கழற்றிப் போட்டேன். திரும்ப மாட்டத் தெரியவில்லை. அப்பா வருகிற நேரம். அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகியிருக்காது. அப்பாவிடம் போய், "துடைக்கும்போது கை தவறி விழுந்துடுச்சு மாமா" என்றாள். அப்பா ஒரு வாரம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளோ அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இன்று எனக்கு இரண்டாவது கரண்டி சோறு அவள்தான் போட்டாள். சாப்பிட்டுவிட்டு வந்தேன். வெட்கம் கெட்டவள் நான்.

மார்ச் 10, செவ்வாய்

அண்ணியின் பெட்டி ஒடுக்கமானது. அதற்குள் நுழைகிற பவர் சப்ளை இப்போது எங்கும் விற்பதில்லை. மூன்று கடையில் கேட்டுவிட்டேன். பழசைத்தான் பிழைக்க வைக்க வேண்டும்.

வீங்கிய மூன்றையும், வீங்காத இரண்டையும் சேர்த்து ஐந்து கபாசிட்டர்களை மாற்றினேன். அதிகச் சூடு தாங்குகிற ரகம். செத்துப்போன டயோடு ஒன்று. விரிசல் விட்ட ஈயத்தை எல்லாம் உறிஞ்சி எடுத்துப் புதிதாக வைத்தேன். கருகிய இடத்தைச் சுரண்டச் சுரண்ட உள்ளேயும் கருப்பு. பலகை தாங்கும், ஆனால் தழும்பு போகாது. புது ஃபேன், நேராக மாட்டியாயிற்று, நடுவில் எதுவும் இல்லை. ஒயர்களைக் கட்ட நூலை எடுத்தேன். அப்புறம் வைத்துவிட்டு, ஜெராக்ஸ்காரரிடம் பிளாஸ்டிக் பட்டை வாங்கிக் கட்டினேன்.

வேலை பார்க்கும்போது மட்டும் மனசு அமைதியாக இருக்கிறது. அதனாலேயே இழுத்து இழுத்துப் பார்க்கிறேனோ?

மார்ச் 12, வியாழன்

புதிதாகச் சரி செய்த பவர் சப்ளைக்கு நேராக மின்சாரம் கொடுக்கக் கூடாது. நடுவில் ஒரு குண்டு பல்பைப் போட்டுத்தான் கொடுப்போம். உள்ளே கோளாறு இருந்தால் பல்பு பிரகாசமாக எரிந்துகொண்டே இருக்கும். இல்லையென்றால் பளிச்சென்று மின்னி அடங்கிவிடும். மின்னி அடங்கியது. மீட்டரில் எல்லா எண்ணும் சரி. நான்கு மணி நேரம் ஓடவிட்டேன். தகட்டில் கை வைத்தால் இதமான சூடு, அவ்வளவுதான்.

அந்த நேரத்தில் அண்ணி போன் செய்தாள். பெட்டி என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. "அதை வேற யாருக்காவது குடுத்துடலாமா பொடிசு?" என்றாள்.

"ஏன் அண்ணி?"

"கை வைக்கவே பயமா இருக்கு. இப்பல்லாம் மிக்சி ஓட்டினாகூட உடனே பிளக்கைப் பிடுங்கிடறேன். உங்க அண்ணன் சிரிக்கறாரு. எதுக்கும் ஒரு வயசு இருக்கு. அந்த ஆபீஸ்காரங்க என்னைப் பத்தி ஏதோ பெருசா நெனச்சுட்டாங்க."

"அண்ணி, அது வந்து..." என்று ஆரம்பித்தேன். அப்போது ஒருவர் லேப்டாப்போடு வந்து நின்றார். "அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டேன். வந்தவர் நிற்க மாட்டாரா? ஐந்து நிமிடம் நின்றிருப்பார். அவரைப் பார்த்ததும் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று எனக்குத்தான் தெரியும்.

திரும்பக் கூப்பிடவில்லை.

மார்ச் 14, சனி

அண்ணனிடம் சொல்லிவிட்டேன். காலை நடையில் கடைப் பக்கம் வந்தான். மேஜைக்கு அழைத்து ரெசிஸ்டரைக் காட்டினேன், தூசிக் கோட்டைக் காட்டினேன், ஃபேன் துடித்து நிற்பதையும் காட்டினேன். குனிந்து பார்த்தான்.

"நீதான அண்ணா சத்தத்தக் கொறன்னு சொன்ன?"

"நான் சத்தத்தத்தான கொறக்கச் சொன்னேன். காத்தயா கொறக்கச் சொன்னேன்?"

அவன் சொன்னது சரிதான்.

"அண்ணிகிட்ட சொல்லணும்" என்றேன். ரெசிஸ்டரை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தான். "இப்ப சொல்லி என்ன ஆகப் போகுது? அவளே மறந்துட்டா. கிளறினா எனக்கும் சேத்துதான் விழும். பெட்டி ஓடுதில்ல? கொண்டு போய் மாட்டு, முடிஞ்சுது."

கோபம் வந்தது. அவன் மேல் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை? எட்டு நாளாக நான் செய்துகொண்டிருந்ததைத்தான் அவன் வாய் திறந்து சொன்னான். ரெசிஸ்டரை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

மார்ச் 15, ஞாயிறு

உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போகவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை.

மார்ச் 17, செவ்வாய்

நாளை பதினெட்டு. காலையிலேயே பெட்டியோடு போகிறேன். நேரில்தான் சொல்ல வேண்டும், போனில் அல்ல. நாளைக்குள் பதில் சொன்னால் போதும்தானே. நேரம் இருக்கிறது.

மார்ச் 18, புதன்

நேரம் இருக்கவில்லை.

ஒன்பது மணிக்குப் போனேன். அண்ணன் காய் வாங்கப் போயிருந்தான். அண்ணி துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். பெட்டியை மூலையில் வைத்து ஒயர்களை மாட்டிக்கொண்டே, "இன்னிக்குத்தான கடைசி நாள்? சரின்னு சொல்லிடுங்க அண்ணி" என்றேன்.

"முந்தாநாளே போன் பண்ணிச் சொல்லிட்டேனே" என்றாள். "முடியாதுன்னு. கடைசி நாள் வரைக்கும் அவங்கள இழுத்தடிக்கக் கூடாதில்ல? வேற ஒருத்தருக்காவது போகட்டும்."

எனக்கு அங்கேயே தரையில் உட்கார வேண்டும்போல இருந்தது. உட்கார்ந்துதான் இருந்தேன், பெட்டிக்குப் பின்னால். அங்கே இருந்தபடியே சொன்னேன். எல்லாவற்றையும். ரெசிஸ்டர், நூல், தூசிக் கோடு. துணி காரணமே இல்லைன்னு. நான் பார்க்காமலேயே சொல்லிட்டேன்னு. ஒரே மூச்சில், அவள் முகத்தைப் பார்க்காமல்.

ஈரத் துணி ஒன்று அவள் கையில் இருந்தது. அதைப் பிழிந்தாள். ஏற்கெனவே பிழிந்த துணி.

"இது உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"ஆறாந்தேதி."

"அதுக்கப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை வந்துச்சே. நீ இங்கதான சாப்ட்ட?"

"ஆமா அண்ணி."

"கீழ்வீட்டுக்காரங்க இருந்தாங்க."

"ஆமா."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தா நல்லாருந்திருக்கும். ரெண்டு அறை குடுத்திருந்தாகூட வாங்கிட்டு நிம்மதியா வந்திருப்பேன். துணியைக் கொடியில் போட்டு, கிளிப்பை மாட்டி, கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "போட்டுக் காட்டு" என்றாள்.

ஸ்விட்சைப் போட்டேன். ஓடியது. பின்பக்கம் கை வைத்துப் பார்த்தாள். "காத்து வருது" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

மார்ச் 19, வியாழன்

அந்த அலுவலகத்துக்கு நானே போன் செய்தேன். அண்ணியைக் கேட்காமல். இதுவும் ஒரு தப்புதான் என்று போனை வைத்த பிறகுதான் உறைத்தது. அந்தப் பிரிவின் பொறுப்பாளர் அம்மா பொறுமையாகக் கேட்டார். "நேத்து காலைலதான் வேற ஒருத்தங்களுக்குக் குடுத்தோம். இவங்க வேண்டாம்னு சொன்னப்போ எனக்கே நம்ப முடியல. ரெண்டு தடவ கேட்டேன். எனக்கு இதெல்லாம் சரிவராதுங்கன்னு அவங்களேதான் சொன்னாங்க" என்றார்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. உடைத்தது நான். ஐந்து வருடம் கடைந்தது அவள்.

கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். ஆறாம் தேதி சொல்லியிருந்தால்? எட்டாம் தேதி அந்தச் சாப்பாட்டில் சொல்லியிருந்தால்? பன்னிரண்டாம் தேதி, லேப்டாப்காரரைக் கொஞ்சம் உட்காரச் சொல்லிவிட்டு? எந்த நாளில் சொல்லியிருந்தாலும் போதும். பத்து நாள் கையில் இருந்தது.

மார்ச் 22, ஞாயிறு

போவதா வேண்டாமா என்று பன்னிரண்டு மணி வரை யோசித்தேன். அண்ணன் போன் செய்து, "சாப்பாடு ஆறுது, வா" என்றான். குரலில் சுரத்தே இல்லை. "எங்கிட்ட அஞ்சு நாளா ஒழுங்கா பேசறதில்ல. உப்பு வேணுமான்னு கேக்கறா, தண்ணி வேணுமான்னு கேக்கறா. அவ்வளவுதான்."

போனேன். என்னிடம் நன்றாகவே பேசினாள். அதுதான் பயமாக இருந்தது.

சாப்பிட்டு முடித்ததும் சொன்னாள்: "எனக்கு ஒண்ணு செய்யணும், ரெண்டு பேரும். கீழ போய் அவங்ககிட்ட என்ன நடந்துச்சுன்னு சொல்லணும். சிரிச்சவங்க முன்னாடி சொல்லணும்."

அண்ணன் முணுமுணுத்தான். "அவங்களுக்கு எதுக்குடி நம்ம வீட்டுக் கத?"

"கதய அவங்களுக்குச் சொன்னது நீங்கதான."

அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டான். இருவரும் இறங்கிப் போனோம், பள்ளிக்கூடத்தில் வாத்தியாரைப் பார்க்கப் போகிற மாதிரி. அண்ணன் கதவுப் பக்கமாகவே நின்றான். நான்தான் சொன்னேன். அந்தத் துணியால ஒண்ணும் ஆகல, தப்பு என்னோடது, அண்ணிமேல எந்தத் தப்பும் இல்லன்னு.

கீழ்வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்களைப் பார்த்தார். "எந்தத் துணி?" என்றார்.

அவருக்கு ஞாபகமே இல்லை. அவர் மனைவிதான் எடுத்துக் கொடுத்தாள். "அட, அதுவா" என்று சிரித்து, உள்ளே வந்து உட்காரச் சொன்னார். அண்ணியை இரண்டு வாரம் வாட்டியது, சிரித்தவருக்கு அன்று சாயங்காலமே மறந்துபோயிருக்கிறது.

மேலே வந்து, "சொல்லிட்டோம் அண்ணி" என்றேன். "என்ன சொன்னாரு?" என்று கேட்டாள். "வருத்தப்பட்டாரு" என்றேன்.

மறுபடியும் ஒரு பொய். ஆனால் இதைத் திருத்தப் போவதில்லை.

ஏப்ரல் 1, புதன்

இன்று அண்ணி அந்தப் பொறுப்பை ஏற்றிருக்க வேண்டிய நாள். காலையில் நான்கு தடவை போனைக் கையில் எடுத்துவிட்டு வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 19, ஞாயிறு

அண்ணி பழையபடி ஒலிப்பதிவுகளை வாங்கி எழுத ஆரம்பித்துவிட்டாள். முன்பு அவள் எழுதியதை ஒருவர் சரிபார்ப்பார். இப்போதும் ஒருவர் சரிபார்க்கிறார். அந்தப் புது ஆள் இவளைவிடப் பதினைந்து வயது சின்னவளாம். இவள் சரியாக எழுதிய ஒரு பெயரைத் தப்பாகத் திருத்தி அனுப்பியிருக்கிறாள். "போன் பண்ணிச் சொல்ல வேண்டியதுதான அண்ணி?" என்றேன்.

"எனக்கென்ன வந்துச்சு" என்றாள். எரிச்சலாகக்கூடச் சொல்லவில்லை.

பீரோவில் இருந்த துணியைக் கத்தரித்து மேஜை துடைக்க வைத்துக்கொண்டிருக்கிறாள். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "நல்ல துணி, தண்ணிய நல்லா உறிஞ்சுது" என்றாள்.

மே 6, புதன்

ஒரு பெரியவர் எரிந்துபோன பவர் சப்ளையோடு வந்தார். மேஜையில் வைத்ததுமே, "நான் ஒண்ணும் பண்ணலம்மா" என்றார். "பண்ணீங்கன்னு யாரு சொன்னா?" என்றேன். அவருக்கு முன்னாலேயே திறந்து, உள்ளே பார்த்த பிறகுதான் வாயைத் திறந்தேன். ஜெராக்ஸ்காரர் முன்பாதியிலிருந்து, "என்ன இன்னிக்கு விசாரணை ஒண்ணும் இல்லையா?" என்றார்.

பட்ட பிறகு வந்த புத்தி. யாரிடம் காட்ட வேண்டுமோ அவளிடம் காட்ட முடியவில்லை.

மே 24, ஞாயிறு

அண்ணன் வீட்டில் சாப்பாடு. எல்லாம் வழக்கம்போல. அண்ணனும் அண்ணியும் பேசிக்கொள்கிறார்கள், டி.வி. ரிமோட்டுக்குச் சண்டைகூடப் போட்டார்கள். கேட்க நன்றாக இருந்தது. அண்ணி எனக்குப் பிடித்த மாதிரி உருளைக்கிழங்கை மொறுமொறுப்பாக வறுத்து வைத்திருந்தாள். "பொடிசு, இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ" என்றாள்.

கை கழுவிவிட்டுக் கூடத்துக்கு வந்தபோதுதான் கவனித்தேன். மூலையில் ஸ்கிரீன் இருக்கிறது, கீபோர்டு இருக்கிறது, பெட்டியைக் காணோம்.

"பெட்டி எங்க அண்ணி?"

"வியாழக்கிழமையிலேருந்து ஆன் ஆகல. கடையில குடுத்திருக்கேன்."

எனக்கு ஒரு நொடி குழம்பிவிட்டது. வியாழக்கிழமை நான் கடையில்தானே இருந்தேன், அவள் வரவில்லையே என்று நினைத்தேன். இருபத்திரண்டு வருடமாக இந்த வீட்டில் கடை என்றால் என் கடைதான். பிறகுதான் புரிந்தது.

"எந்தக் கடை?"

"பஸ் ஸ்டாப்புக்கு எதிர்ல, மாடியில ஒண்ணு இருக்கே, அது." தட்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள். முகத்தில் கோபமோ குத்தலோ எதுவும் இல்லை. "என்ன ஆச்சுன்னு கேட்டேன். திறந்து பாக்காம ஒண்ணும் சொல்ல மாட்டோம்னுட்டாங்க. நாளைக்குச் சொல்றாங்களாம்."

அண்ணன் டி.வி.யின் சத்தத்தைக் கூட்டினான்.

"நல்ல கடைதான் அண்ணி" என்றேன். உண்மையிலேயே நல்ல கடைதான். நன்றாக வேலை செய்வார்கள்.